மகனின் ரேங்க்கும் நான் பயந்து போட்ட வரிசையும்

நாமக்கல் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். டீசல், டோல், டிரைவர் படி, கமிஷன் என்று ஒரு ட்ரிப் போய் வருவதற்குள் நாற்பது இடத்தில் பணம் ஒழுகும், அதில் நூறு ரூபாய் இடித்தாலும் எங்கே என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் 2024-ல் என் மகனுக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும் என்று போட்ட கணக்கில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தப்பு செய்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வடக்கேதான். பையனோ தேர்வெல்லாம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். ஆக, எல்லாம் நான் ஒருத்தியாகச் செய்தது. எங்கெங்கே சறுக்கினேன் என்று எழுதிவைத்தால் இந்த வருஷம் யாராவது ஒரு அம்மாவுக்கு உதவும்.

முதல் தப்பு பெர்சன்டைல். எங்கள் தெருவில் ஒரு பையன் 2023-ல் ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத் தேர்வில் 97.5 பெர்சன்டைல் எடுத்து, மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜான திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்திருந்தான். என் மகனுக்கு ஜனவரித் தேர்வில் 97.1, ஏப்ரலில் 97.6. இரண்டில் எது நல்லதோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் அந்தப் பையனைவிட 0.1 கூடுதல், திருச்சி நிச்சயம் என்று முடிவு கட்டி, குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல்கூட வைத்துவிட்டு வந்தேன். பெர்சன்டைல் என்பது மார்க் இல்லை, நமக்குப் பின்னால் நூற்றுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். 2023-ல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் சுமார் 11.13 லட்சம் பேர். 2024-ல் சுமார் 14.15 லட்சம். 97.6 என்றால் நமக்கு முன்னால் 2.4 சதவீதம் பேர் இருக்கிறார்கள். 11.13 லட்சத்தில் 2.4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 26,700. 14.15 லட்சத்தில் அதுவே 34,000. அதே பெர்சன்டைல்தான், ஒரே வருஷத்தில் ஏழாயிரம் பேர் கூடுதலாக முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். வாடகை டன்னுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு எத்தனை டன் என்று கேட்காமல் விடுவேனா நான்? இங்கே விட்டுவிட்டேன். ரிசல்ட்டில் 34,000-ஐ ஒட்டி ஒரு எண்ணைப் பார்த்தபோது வேறு யாருடைய ரிசல்ட்டையோ திறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதனால் மார்க்கையும் பெர்சன்டைலையும் வைத்து யாரோடும் ஒப்பிடாதீர்கள், ரேங்க்கை மட்டும் ஒப்பிடுங்கள். நம் ஊர் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கும் இது பொருந்தும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குப் போடுகிற அந்தக் கட்ஆஃபில் முழுசாக 200 எடுத்தவர்கள் 2023-ல் 102 பேர், 2024-ல் 65 பேர். போன வருஷம் 192-க்கு அந்தக் காலேஜ் கிடைத்ததே என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போன வருஷம் எந்த ரேங்க் வரை கிடைத்தது, அதிலும் நம் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்த ரேங்க் வரை என்று பாருங்கள்.

இரண்டாவது, அட்வான்ஸ்டு, அதாவது மெயினுக்கு அடுத்து ஐஐடிக்காக எழுதும் தேர்வு. மெயினில் தேறி அட்வான்ஸ்டு எழுதத் தகுதி வந்ததுமே பாதி ஐஐடி வந்துவிட்ட மாதிரி சொந்தக்காரர்கள் போன் போட்டு வாழ்த்தினார்கள், நானும் மறுக்கவில்லை. அட்வான்ஸ்டு எழுதத் தகுதி கொடுப்பது இரண்டரை லட்சம் பேருக்கு. அந்த வருஷம் அதில் தேறியவர்களே 48,248 பேர். 23 ஐஐடியிலும் சேர்த்து இடங்கள் 17,740. தேறினவர்களிலேயே மூன்றில் இரண்டு பேருக்கு இடமில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்கிறேன், அன்று தெரியாது. என் மகன் தேறவே இல்லை. ஜூன் 9-ஆம் தேதி ரிசல்ட் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன் ராத்திரி பத்து மணிக்குத்தான் இறங்கினான். அந்த நாலு மணி நேரமும் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே போகவும் பயம், கீழே வரவும் பயம். இந்த எண்களை முன்னாலேயே அவனோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்த ராத்திரி கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் ஏப்ரலிலேயே பணம் போக ஆரம்பித்துவிட்டது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் போன். "மேடம், இந்த வெள்ளிக்கிழமையோட கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ளோஸ்". மெயின் ரிசல்ட் வராத நேரம், அடிவயிறு கலங்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் ஆரத்தையும் இரண்டு வளையலையும் அடகு வைத்து ஒரு லட்சம் கட்டினேன். பிறகு வேண்டாம் என்றபோது பணம் திரும்பி வர ஐந்து மாதமாயிற்று, அதுவும் பதிவுக் கட்டணம் என்று பத்தாயிரம் பிடித்துக்கொண்டு. நகைக்கடன் வட்டி நாலாயிரத்துச் சொச்சம் தனி. அந்த வருஷம் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் யுஜிசி சுற்றறிக்கை விட்டிருந்தது. அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பிய பிறகுதான் அந்தத் தொகையாவது வந்தது. அப்படிக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் போனில் பேசினதை நம்பாதீர்கள், எந்தத் தேதிவரை விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

அப்புறம் ஜோசா. என்.ஐ.டி., ஐஐடி எல்லாவற்றுக்கும் பொதுவான கலந்தாய்வு அது. ஒவ்வொரு காலேஜிலும் கம்ப்யூட்டர், மெக்கானிக்கல் மாதிரி ஒவ்வொரு கிளையும் போன வருஷம் எந்த ரேங்க்கில் திறந்து (முதலில் இடம் வாங்கினவர்) எந்த ரேங்க்கில் மூடியது (கடைசியாக வாங்கினவர்) என்று அவர்கள் தளத்திலேயே சுற்றுவாரியாக இருக்கிறது. இலவசம். நான் அதை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்று இருநூறு ரூபாய் கொடுத்து, அடிக்கோல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். திருச்சியில் அவன் ஆசைப்பட்ட கிளைக்கு நேராக அவன் ரேங்க்கைவிடப் பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டதும் அழுதேவிட்டேன். பக்கத்து மேஜையில் ஆதார் திருத்த வந்த பெரியவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். ராத்திரி வீட்டில் பையனிடம் காட்டினால் அவன் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, "அம்மா, இது பொண்ணுங்களுக்கு மட்டும்" என்றான்.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரே காலேஜ் ஒரே கிளைக்குப் பல வரிகள் இருக்கும். பெண்களுக்கான கூடுதல் இடங்கள் 2018 முதல் தனி வரி, மற்றவை பொது வரி. பெண் பிள்ளை இருந்தால் இரண்டுமே உங்களுக்கு, பையன் என்றால் பொது வரி மட்டும்தான். அடுத்து, என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மீதி வெளி மாநிலத்தாருக்கு. திருச்சிக்கு நாம் சொந்த மாநில வரியைப் பார்க்க வேண்டும், வாரங்கல்லுக்கும் சூரத்கல்லுக்கும் வெளி மாநில வரியை. சொந்த மாநிலம் எது என்பது பிறந்த ஊரையோ ரேஷன் கார்டையோ வைத்து இல்லை, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முடித்தீர்கள் என்பதை வைத்து. எங்கள் ஓனர் மகளை ஐதராபாத்தில் ஹாஸ்டலில் போட்டுப் பிளஸ் டூ படிக்க வைத்தார். லட்சக்கணக்கில் செலவு செய்து திருச்சியின் தமிழ்நாட்டுப் பங்கைக் கோட்டைவிட்டது அவருக்கு ஜூன் மாதம்தான் தெரிந்தது. மூன்றாவது, ஓபிசி வரியில் இருக்கும் எண்கள் ஓபிசி ரேங்க், பொது ரேங்க் இல்லை. என் மகனுக்குப் பொது ரேங்க் 34,000, ஓபிசி ரேங்க் 10 ஆயிரத்துச் சொச்சம். பொது ரேங்க்கை ஓபிசி வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து எதுவுமே கிடைக்காது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த கூத்தும் நடந்தது. இதெல்லாம் போக, முதல் சுற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கடைசிச் சுற்றின் மூடும் ரேங்க்கைப் பாருங்கள். ஒரு வருஷம் போதாது, மூன்று வருஷம் பாருங்கள்.

ஓபிசி என்றதும் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்று தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கினதாக இருக்க வேண்டும். நான் விண்ணப்பம் போடும்போதே, நவம்பரில், கெட்டிக்காரி மாதிரி வாங்கி வைத்துவிட்டேன். முதல் சுற்று ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரிதான் கோச்சிங்கில் கூடப் படித்த பையனின் அம்மா, "அக்கா, தேதி பாத்தீங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் லீவு போட்டு இ-சேவை மையம், விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று அலைந்தேன். தாசில்தார் கையெழுத்து வந்தது மூன்றாம் நாள் மத்தியானம், ஆவணம் ஏற்றக் கெடு மறுநாள். அது வராமல் போயிருந்தால் ஓபிசியில் கிடைத்த இடம் கையைவிட்டுப் போயிருக்கும். இ-சேவையில் கட்டணம் அறுபது ரூபாய்தான், ஏப்ரல் இரண்டாம் தேதியே போய் விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் பிசி என்பதாலேயே மத்தியப் பட்டியலில் ஓபிசியாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள், சில சாதிகள் அதில் இல்லை.

இப்போது பெரிய தப்புக்கு வருகிறேன். இத்தனை குழப்பத்தில் பயந்துபோய், கவுன்சலிங் வழிகாட்டி என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் 18,000 ரூபாய் கட்டினேன். அவர் கொடுத்தது நான் இருநூறு ரூபாய்க்குப் பிரிண்ட் எடுத்த அதே பட்டியல், கலர் பேனாவில் அடிக்கோடு போட்டது. பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு, எந்தக் காலேஜில் எந்தக் கிளை வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும் விருப்பப் பட்டியலை அவரே நிரப்பினார். மொத்தம் பதினாலு விருப்பம். முதல் இடத்தில் வடக்கே ஒரு என்.ஐ.டி., ரயிலில் ஒன்றரை நாள் தூரம். திருச்சி ஆறாவது. "ஏன் சார், திருச்சியைத்தானே பையன் கேக்கிறான்?" என்றேன். "மேடம், திருச்சி உங்க ரேங்க்குக்கு இழுபறி. அதை மேல போட்டா கெடைக்கவும் கெடைக்காது, இதுவும் கைநழுவிப் போயிரும். ஷ்யூரா வர்றதை மேல வெப்போம்". எனக்கு அது சரியாகவே பட்டது. ஓட்டைப் பர்ஸோடு கடைக்குப் போனவள் முதலில் அரிசி வாங்கிவிட்டுத்தானே மற்றதைப் பார்ப்பாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் ஏதோ தாபாவிலிருந்து கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்பதாவதோடு நின்றவர். "ரிட்டர்ன் லோடு தேடுறப்ப நான் என்ன பண்றேன் அம்மிணி? நல்ல வாடகை தர்ற பார்ட்டியத்தான் மொதல்ல கேக்கறேன். இல்லைன்னா அடுத்தவன். மொதல் ஆளைக் கேட்டேன்னு ரெண்டாவது ஆளு லோடைத் தர மாட்டேங்கறானா? பையன் எதைக் கேக்கறானோ அதை மொதல்ல போடு" என்றார். "ஏனுங்க, இது லாரி லோடு இல்லீங்க, கம்ப்யூட்டர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஜோசா கம்ப்யூட்டர் செய்வது அச்சாக அவர் சொன்னதைத்தான். பட்டியலில் முதல் விருப்பத்தை எடுத்துப் பார்க்கும். நம் ரேங்க்குக்கு இடம் இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் இரண்டாவதுக்குப் போகும். கிடைக்காததை மேலே வைத்ததற்காகக் கீழே இருப்பதில் நம் உரிமை ஒரு துளிகூடக் குறையாது. அந்த இடம் எங்களைவிடப் பின்தங்கின ரேங்க்காரர் ஒருவருக்கு, அவர் அதை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும், எங்களைத் தாண்டிப் போகாது. இது தெரியாமல் முதல் மாதிரி ஒதுக்கீட்டில் வடக்கு என்.ஐ.டி. வந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். மாதிரி ஒதுக்கீடு எதற்கு வைக்கிறார்கள்? அதைப் பார்த்து வரிசையை மாற்றுவதற்கு. பட்டியலைப் பூட்டுவதற்கு இன்னும் அவகாசம் இருந்தும் நான் மாற்றவில்லை.

முதல் சுற்றில் அதே இடம் வந்தது. ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று மூன்று கேட்கும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் அதே காலேஜில் மேல் விருப்பக் கிளை கிடைத்தால் போதும். ஃப்ளோட் என்றால் எந்தக் காலேஜாக இருந்தாலும் மேல் விருப்பம் கிடைத்தால் மாறிக்கொள்கிறேன். நான் ஃப்ளோட் போடப் போனேன், திருச்சிக்காக. பையன்தான் சொன்னான், "அம்மா, ஃப்ளோட்டு மேலேதான் போகும். திருச்சி நமக்குக் கீழ இருக்கு". எங்களுக்குக் கிடைத்தது முதல் விருப்பம். அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. ஜோசாவில் ஒருமுறை பூட்டின பட்டியலைச் சுற்றுக்குச் சுற்று மாற்றவும் முடியாது. அடுத்த நாலு சுற்றும் திருச்சியில் அந்தக் கிளையின் மூடும் ரேங்க் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது சுற்றில் என் மகன் ரேங்க்கைத் தொட்டது. ஐந்தாவதில் தாண்டிப் போனது. ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வழிகாட்டிக்கு போன் போட்டால், "இந்த வருஷம் எதிர்பார்க்கலை மேடம்" என்றார்.

கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கைப் பட்டியலை எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முழுக்க ஆசைப்படிதான். உங்கள் ரேங்க்கைவிட முன்னாலேயே மூடுகிற நாலைந்து, இழுபறியில் ஒரு இருபது, நிச்சயம் என்று தோன்றுவதில் ஒரு பத்துப் பதினைந்து என்று கீழே இறங்கிக்கொண்டே போங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. கிடைத்தாலும் போகவே மாட்டோம் என்பதை மட்டும் போடாதீர்கள். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே நிரப்புங்கள்.

இன்னொன்று, நேரம். அந்த வருஷம் ஜோசா கடைசிச் சுற்று ஜூலை 17. நம் மாநில இன்ஜினியரிங் பொதுக் கலந்தாய்வு தொடங்கினதே 29-ஆம் தேதி. ஜோசாவில் விலகிக்கொள்வதென்றால் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலக வேண்டும். ஆக இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எது நல்லது என்று பார்க்க முடியாது. அவனுக்கு இங்கே 191.5 கட்ஆஃப், கோயம்புத்தூரில் ஒரு நல்ல காலேஜ் அநேகமாக வந்திருக்கும். அநேகமாக என்பதை நம்பிக் கையில் இருப்பதை விடுவதா என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் பையனே, "போறேம்மா, பரவால்ல" என்றான். அந்தப் பரவாயில்லையை இன்னும் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பேனோ தெரியாது.

முதல் செமஸ்டரில் இந்தி தெரியாமல், சப்பாத்தி இறங்காமல் ஆறு கிலோ இளைத்தான். இப்போது பழகிவிட்டான், மார்க்கும் நன்றாக வருகிறது. திருச்சியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்காரரும் அன்று போனில் தான் சொன்னதை ஒருநாளும் எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஒரு தடவை திட்டியிருந்தால் தேவலை.

போன டிசம்பரில் அவர் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பகலில் ஊருக்குள் லாரி விடமாட்டார்கள் என்பதால் பைபாஸில் ஓரமாக நிறுத்திவிட்டுப் பையனை வரச்சொல்லியிருக்கிறார். அவன் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தான். லாரிக்குப் பக்கத்தில் தார்ப்பாயை விரித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, அப்பனே சோறாக்கினாராம். எனக்கு போன் வந்தபோது பின்னால் லாரிகள் போகிற சத்தம்தான் காதை அடைத்தது. "ரெண்டு தட்டு ரசஞ்சோறு சாப்பிட்டான் அம்மிணி, மூணாவதும் வெக்கச் சொல்றான்" என்றார். அதற்குள் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி விசில் அடித்தார்கள், போனை வைத்துவிட்டார்.